ஆறடிக் கல்சுவருக்குள் மழை

இங்கிலாந்தின் தென்மேற்கில், டெவன் மாவட்டத்தில், டார்ட்மூர் மேட்டுநிலம் சரிந்து இறங்கும் விளிம்பில் ஒரு கருங்கல் வீடு நிற்கிறது. பெயர் காஸில் ட்ரோகோ. கீழே பள்ளத்தில் டெய்ன் ஆறு ஓடுகிறது. மேலே பாறை முனையில், பாறையோடு பாறையாக வளர்ந்ததுபோல இந்த வீடு. சுவரின் கனம் சில இடங்களில் ஆறடி. அத்தனையும் திடமான கருங்கல். பார்த்தவுடன் மனதில் தோன்றுவது ஒன்றுதான்: இதற்குள் எதுவும் நுழைய முடியாது.

ஆனால் மழை நுழைந்தது. 1930-இல் கட்டி முடித்த இந்த வீடு, குடிவந்த காலத்திலிருந்தே ஒழுகியது. ஒரு மூலையில், ஒரு ஜன்னலில் என்றில்லை. கூரை வழியாகவும், சுவர் வழியாகவும், ஜன்னல் ஓரங்கள் வழியாகவும் தண்ணீர் வந்தது. சுவர்களில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு வழிந்து படிந்தது. சில இடங்களில் குகைகளில் தொங்குவதுபோல விழுதாகவும் தொங்கியது. மறுபடி மறுபடி பழுதுபார்த்தார்கள். மறுபடி மறுபடி ஒழுகியது. கடைசியில் 2013-இல் தொடங்கிய பெரிய மராமத்தில் கூரையைப் பிரித்து, மேல்வரிசைக் கற்களைக் கழற்றி இறக்கி, அடியிலிருந்து சரிசெய்ய வேண்டியதாயிற்று.

கட்டடக் கலையில் இந்த வீட்டைப் போலப் பாடம் சொல்லும் வீடு எனக்குத் தெரிந்து வேறில்லை. அழகில் குறை சொல்ல முடியாது. கட்டியவர் சாதாரண ஆளும் இல்லை, டெல்லியில் குடியரசுத் தலைவர் மாளிகையை வடிவமைத்த அதே எட்வின் லட்யன்ஸ். கல்லும் உலகத்திலேயே கெட்டியான கற்களில் ஒன்று. பணத்துக்கும் பஞ்சமில்லை. இத்தனை இருந்தும் ஏன் ஒழுகியது என்று கேட்டால், பலர் "மாடியில் போட்ட ஆஸ்பால்ட் என்ற புதுத் தார்க்கலவையை நம்பி மோசம்போனார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி, "உண்மையான கோட்டை" என்ற ஓர் ஆசைக்குள் ஒளிந்திருக்கிறது.

தேயிலைக்காரரின் கோட்டை

ஜூலியஸ் ட்ரூ 1856-இல் பிறந்தவர். இளம் வயதில் தேயிலை கொள்முதல் வேலையாகச் சீனா போனவர். திரும்பிவந்து சொந்தமாகக் கடை போட்டு, பிறகு 1883-இல் கூட்டாளி ஒருவரோடு சேர்ந்து லண்டனில் தொடங்கிய மளிகைக் கடைதான் 'ஹோம் அண்ட் காலனியல் ஸ்டோர்ஸ்'. அது நாடு முழுக்கக் கிளைகள் பரப்பி அவரைப் பெரும் பணக்காரராக்கியது. 33 வயதில் அன்றாட வியாபாரத்திலிருந்து ஒதுங்கிவிட்டார். நினைத்துப் பாருங்கள், 33 வயது. மீதி வாழ்க்கை முழுக்க என்ன செய்வது?

அப்போது வம்சாவளி ஆராயும் ஒருவர், ட்ரூ குடும்பம் நார்மன் காலத்துப் பிரபு ஒருவரின் வழிவந்தது என்று சொன்னார். அந்தப் பிரபுவின் பெயர் ட்ரோகோ. டெவனில் உள்ள ட்ரூஸ்டெய்ன்டன் என்ற ஊரின் பெயரில் இருக்கும் 'ட்ரூ'வும் அவர்தான் என்றார். போதாக்குறைக்கு அந்த ஊர்த் தேவாலயத்தின் பாதிரியாரே ஜூலியஸுக்கு உறவினர். 1910-இல் அந்த ஊரை ஒட்டிச் சுமார் 450 ஏக்கர் நிலம் வாங்கினார். மூதாதை ஆண்ட மண்ணில் மூதாதைக்கு ஏற்ற கோட்டை கட்ட வேண்டும் என்பது எண்ணம். கட்டடத்துக்கு 50,000 பவுண்டு, தோட்டத்துக்கு 10,000 பவுண்டு என்று ஒதுக்கினார். 1911 ஏப்ரல் 4-ஆம் தேதி, தன்னுடைய 55-ஆவது பிறந்தநாளில், அடிக்கல் நாட்டினார்.

வம்சாவளிக் கதையைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. கடைக்காரராக உயர்ந்த ஒருவர், தனக்கும் இந்த மண்ணில் வேர் இருக்கிறது என்று நம்ப விரும்பியது புரிந்துகொள்ளக்கூடியதுதான். வாசலுக்கு மேலே கல்லில் ஒரு சிங்கம் செதுக்கியிருக்கிறார்கள். அதன் கீழே லத்தீனில் ஒரு வாசகம்: ட்ரோகோ என் பெயர், வீரம் எனக்கு ஆயுதம் தந்தது என்று பொருள். வாசலில் மேலும் கீழும் இறங்கி ஏறும் இரும்புக் கதவும் உண்டு. உள்ளிருந்து சக்கரம் சுற்றி இறக்கினால் உண்மையிலேயே இறங்கும்.

லட்யன்ஸுக்கு இந்தக் கோட்டை யோசனை ஆரம்பத்தில் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கோட்டைக்குப் பதிலாக, நல்ல பெரிய அறைகள் உள்ள மனதுக்கு இனிய ஒரு வீட்டை ட்ரூ கேட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்ற பொருளில் கடிதத்தில் எழுதியிருக்கிறார். இருந்தாலும் வேலையில் இறங்கியபின் முழு மனதோடு இறங்கினார். வாசல் முகப்பில் வரவேண்டிய கோபுர வாயில் எப்படித் தெரியும் என்று பார்க்க, மரத்தாலேயே அசல் அளவில் ஒன்றைக் கட்டி நிறுத்திக் காட்டினார். அந்த வாயில் கடைசிவரை கல்லாக மாறவே இல்லை.

திடமாக இருக்க வேண்டும்

இந்த ஆய்வின் நடுப்புள்ளி இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

வேலை தொடங்கிய பிறகு, 1912 வாக்கில், ட்ரூ ஒரு முடிவெடுத்தார். சுவர்கள் முழுக்கத் திடக் கருங்கல்லாக இருக்க வேண்டும். நடுவில் வெற்றிடம் விட்டு இரட்டைச் சுவராகக் கட்டுவது கூடாது. அந்தக் காலக் கோட்டைகளில் இல்லாத எதுவும் தன் கோட்டையில் இருக்கக் கூடாது என்பது அவர் நியாயம். திடச் சுவரென்றால் கல் அதிகம், கூலி அதிகம், காலம் அதிகம். அதற்கு ஈடாகக் கட்டடத்தின் அளவைக் குறைக்கச் சம்மதித்தார். நடுவில் வரவேண்டிய பெரிய மண்டபம் கைவிடப்பட்டது. அந்த மண்டபத்துக்குக் கீழே நிலவறையாகத் தோண்டிய இடம் பிறகு சிறிய தேவாலயமாக ஆனது. இன்றும் அந்தத் தேவாலயத்துக்குள் போகிறவர்கள், வராமலே போன ஒரு மண்டபத்தின் அடியில்தான் நிற்கிறார்கள்.

அப்புறம் முதல் உலகப்போர் வந்தது. கல்வேலை தெரிந்தவர்கள் போருக்குப் போனார்கள். ட்ரூவின் மூத்த மகன் ஏட்ரியன் 1917-இல் பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கு அருகே போரில் கொல்லப்பட்டார். அதன்பிறகு அப்பாவுக்கு இந்த வீட்டில் பழைய உற்சாகம் இல்லை என்று சொல்வார்கள். அம்மா பிரான்ஸஸ், மகனின் பொருள்களை வைத்து வீட்டுக்குள்ளேயே ஓர் அறையை நினைவிடமாக ஆக்கினார். 1930-இல் வேலை முடிந்தபோது எழுந்து நின்றது, முதலில் வரைந்ததில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. அடுத்த ஆண்டே ஜூலியஸ் ட்ரூ காலமானார்.

சரி, நடுவில் வெற்றிடம் விட்ட சுவரில் அப்படி என்ன இருக்கிறது? இரண்டு சுவர்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுப்பி, நடுவே இரண்டு மூன்று அங்குலம் இடைவெளி விடுவார்கள். மழை வெளிச்சுவரை நனைக்கும். அதைத் தாண்டி ஊடுருவி வரும் தண்ணீர் இடைவெளிக்கு வந்ததும், மேற்கொண்டு தாண்ட வழியில்லாமல் வெளிச்சுவரின் உட்புறமாகவே வழிந்து கீழே இறங்கிவிடும். உள்சுவர் காய்ந்தே இருக்கும். அதாவது இந்தச் சுவர், தண்ணீர் வரும் என்பதை ஒத்துக்கொண்டு அதற்கு ஒரு பாதை போட்டுக் கொடுக்கிறது. திடச் சுவரோ, தண்ணீர் வரவே வராது என்று நம்பிக் கட்டுவது. டார்ட்மூர் மாதிரி காற்றோடு சேர்ந்து பக்கவாட்டில் மழை அடிக்கும் இடத்தில் அந்த நம்பிக்கைக்கு விலை அதிகம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ட்ரூ கேட்ட 'உண்மை' முழு உண்மை இல்லை. பழைய கோட்டைகளின் உட்சுவர்களுக்குச் சுண்ணாம்புப் பூச்சு உண்டு. பல கோட்டைகளில் வெளியிலும் வெள்ளை அடித்திருந்தார்கள். குடியிருந்த பகுதிகளுக்கு மேலே சரிந்த கூரை இருந்தது. தட்டையான இடங்களில் ஈயத் தகடு போட்டிருந்தார்கள். சுவருக்குள் சுண்ணாம்புக் காரை இருந்தது. இன்று நாம் காணும் வெறும் கல், இடிந்து, பூச்சு உதிர்ந்து, கூரை போனபின் மிஞ்சியது. ட்ரூவும் லட்யன்ஸும் மனதில் வைத்திருந்த கோட்டை, பாழடைந்த கோட்டையின் தோற்றம். அதைப் புதிதாகக் கட்டி அதற்குள் குடியும் இருக்கப் பார்த்தார்கள்.

உள்ளே போனால்

ஒழுகலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் இந்த வீட்டுக்கு அநியாயம் செய்ததாகிவிடும். ஏனென்றால் உள்ளே லட்யன்ஸ் செய்திருப்பது அபாரம்.

வீடு நேர்கோட்டில் இல்லை. பாறைமுனையின் போக்குக்கு ஏற்ப இரண்டு பகுதிகள் லேசாக ஒரு கோணத்தில் சந்திக்கின்றன. தரையும் சரிவானது என்பதால், ஒரு பகுதியின் மாடியும் இன்னொரு பகுதியின் மாடியும் ஒரே மட்டத்தில் வராது. சாதாரணக் கட்டடக்காரர் இதை ஒரு தொல்லையாகப் பார்த்து மண் நிரப்பிச் சமமாக்கியிருப்பார். லட்யன்ஸ் அந்த மட்ட வேறுபாட்டையே படிக்கட்டாக மாற்றினார். கூடத்திலிருந்து உணவறைக்கு அகலமான கற்படிகளில் கீழே இறங்க வேண்டும். பக்கத்தில் அடுக்கடுக்காக எழும் பெரிய ஜன்னல். மேலே கல் வளைவு. இறங்க இறங்க, பக்கத்து ஜன்னல் உயர்ந்துகொண்டே போவதுபோல இருக்கும்.

தாழ்வாரங்களில் கருங்கல் அப்படியே இருக்கிறது, பூச்சு கிடையாது. நெடுகத் தொடரும் அந்தத் தாழ்வாரங்களின் விதானத்தில் அங்கங்கே ஆழமில்லாத சின்னக் குவிமாடங்கள், கவிழ்த்த தட்டு மாதிரி. கருங்கல்லில் குவிமாடம் செய்வது எளிதல்ல. ஒவ்வொரு கல்லும் இரண்டு பக்கமும் வளைய வேண்டும். டார்ட்மூர் கருங்கல்லில் வெள்ளைப் படிகங்கள் பெரிது பெரிதாக இருக்கும், சிலது விரல் நீளம்கூட. உளி பட்டால் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்ல முடியாது. அந்தக் கல்லை இத்தனை கூர்மையான ஓரத்தோடு செதுக்கிய கல்தச்சர்களை நினைத்தால் மரியாதை வருகிறது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் சமையலறை. அதற்குப் பக்கவாட்டில் வெளிச்சம் கிடையாது. உச்சியில் வட்டமாக ஒரு வெளிச்சக்கூண்டு. அதன் வழியே மட்டும் வெளிச்சம் இறங்குகிறது. நேர்கீழே நடுவில் ஒரு வட்ட மேசை, பீச் மரத்தில், லட்யன்ஸே வடிவமைத்தது. மேலே வட்டம், கீழே வட்டம். சமையல்காரர் மேசையைச் சுற்றி எந்தப் பக்கம் நின்றாலும் கையின் நிழல் காய்மேல் விழாது. வீட்டுக்காரர்கள் அநேகமாக எட்டிப் பார்க்காத அறைக்கு இந்த அக்கறை! பாத்திரம் கழுவும் அறையும் சாமான் அறையும் அப்படித்தான், கோயில் மண்டபத்துக்குச் செய்வதுபோலத் தூணும் வளைவும் யோசித்துச் செய்திருக்கிறார்.

வீட்டுக்கு வேண்டிய மின்சாரத்தைக் கீழே ஓடும் டெய்ன் ஆற்றிலிருந்தே எடுத்தார்கள். ஆற்றங்கரையில் சுழலிகளை வைத்த சிறு கட்டடத்தையும் லட்யன்ஸ்தான் வரைந்தார். பல நூறு ஆண்டு முந்திய வேடம் போட்ட வீட்டுக்குள் மின்சார விளக்கும் மின்தூக்கியும் இருந்தன. ஆகவே புதியது எதுவும் கூடாது என்று ட்ரூ சொன்னது எல்லா இடத்திலும் செல்லவில்லை. கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மட்டும் செல்லுபடியானது.

தண்ணீர் வந்த வழி

இப்போது கூரைக்கு வருவோம். கோட்டை என்றால் மேலே தட்டையாக, சுற்றிலும் பல்வரிசை போன்ற கைப்பிடிச் சுவரோடு இருக்க வேண்டும். சரிந்த ஓட்டுக்கூரை தெரியக் கூடாது. ஆகவே மொட்டை மாடி. அதுவும் ஒரே மட்டத்தில் ஒரே மாடி இல்லை. கோபுரத்துக்கு ஒன்று, இடைப்பகுதிக்கு ஒன்று என்று பல மட்டங்களில் பல மாடிகள். ஒரு மாடி முடிந்து பக்கத்துச் சுவர் எழும்பும் ஒவ்வொரு மூலையும் தண்ணீருக்கு ஒரு வாசல்.

அந்த மாடிகளில் ஆஸ்பால்ட் ஊற்றினார்கள். தார்ப்பொருளோடு கல்பொடி கலந்து, காய்ச்சிச் சூடாகப் பரப்புவது. ஈயத் தகட்டைவிட மலிவு, ஒட்டுப்போட்ட இணைப்பே இல்லாமல் ஒரே பரப்பாக வரும் என்று அந்தக் காலத்தில் அதன்மேல் பெரிய எதிர்பார்ப்பு. ஆனால் கறுப்பு நிறம், வெயிலை நன்றாக உறிஞ்சும். வெயிலில் இளகி விரிந்து, குளிரில் இறுகிச் சுருங்கும். அடியில் உள்ள கட்டுமானம் வேறொரு அளவில் விரியும். பக்கத்துக் கருங்கல் இன்னொரு அளவில். மூன்றும் மூன்று கதியில் நகரும்போது, மூன்றும் சந்திக்கும் இடத்தில் கிழியும். கைப்பிடிச் சுவரின் அடியில், மாடி மடங்கி மேலேறும் அந்த விளிம்பில்.

சரி, அந்த விளிம்பை மட்டும் அடைத்தால் போதாதா? போதாது. ஏனென்றால் கைப்பிடிச் சுவரே தண்ணீரை உள்ளே விட்டது. மழை கைப்பிடிச் சுவரின் தலையில் விழுந்து, கல் இணைப்புகள் வழியாக இறங்கி, ஆஸ்பால்ட் மடிந்து நிற்கும் இடத்துக்குப் பின்புறமாகவே போய், கீழ்ச்சுவருக்குள் புகுந்துவிடும். மாடி முழுக்கப் புதுசாக ஆஸ்பால்ட் போட்டாலும் இந்தத் தண்ணீர் நிற்காது. முந்தைய பழுதுபார்ப்புகள் எல்லாம் தோற்றதற்கு முக்கியமான காரணம் இது.

இணைப்பு என்றேனே, அதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஒரு மணற்கல் சுவரில் மழை பட்டால் கல்லே கொஞ்சம் தண்ணீரைக் குடிக்கும், வெயில் வந்ததும் வெளியே விடும். சுவர் முழுவதும் அந்த ஈரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். கருங்கல் குடிக்காது. கண்ணாடி மேல் ஓடுவதுபோல அதன் முகத்தில் தண்ணீர் வழிந்து ஓடும். அப்படி ஓடும் தண்ணீர் அத்தனையும் வந்து சேரும் இடம் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலுள்ள விரல் கனக் காரை. நூறு சதுர அடிச் சுவரில் பெய்த மழையை அந்தச் சில கோடுகள் தாங்க வேண்டும். கல் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு பாரம் காரைக்கு.

அந்தக் காரை சிமென்ட். சிமென்ட் காரை இறுகினால் அசையாது. கல் வெயிலில் மயிரிழை விரிந்தாலும் அதோடு சேர்ந்து நகராது. ஓரத்தில் மயிரிழை விரிசல் விடும். பெரிய ஓட்டையைவிட மயிரிழை விரிசல்தான் ஆபத்து, ஏனென்றால் விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல அது தண்ணீரைத் தானாக உள்ளே இழுக்கும். உள்ளே போனபின் வெளியே வர வழி? சுண்ணாம்புக் காரையாக இருந்தால் அதன் நுண்துளைகள் வழியே ஈரம் மெல்ல ஆவியாகி வெளியேறும். சிமென்ட் அதற்கு இடம் கொடுக்காது. ஆறடிச் சுவரின் நடு வயிறு ஈரத்திலேயே ஊறிக் கிடந்தது. அந்தத் தண்ணீர் சிமென்டில் உள்ள சுண்ணத்தைக் கரைத்துக்கொண்டு, வீட்டின் உட்பக்கமாகக் கசிந்து, காற்று பட்டதும் வெள்ளையாகக் கெட்டிப்பட்டது. முன்னே சொன்ன சுண்ணாம்பு விழுதுகள் வந்தது இப்படி. கனமான சுவர் என்பதால் பாதுகாப்பு கூடவில்லை. ஈரம் தங்குவதற்கு இடம்தான் கூடியது.

அப்புறம் சுவரின் வடிவம். லட்யன்ஸ் இந்தச் சுவர்களை மேலே போகப் போக லேசாக உட்சாய்வாக எழுப்பினார். பாறையிலிருந்து முளைத்ததுபோலத் தோன்றுவதற்கு அந்தச் சாய்வு ஒரு முக்கிய காரணம். ஆனால் சாய்ந்த சுவரில் மழை கூடுதலாக விழும், மெல்லத்தான் வழியும். ஜன்னல்களுக்கு மேலே மழையைத் தட்டிவிடும் விளிம்பு என்று சொல்லும்படி எதுவும் இல்லை. சுவர் முகம் மழமழவென்று, இடையூறே இல்லாமல் இருக்க வேண்டும் என்பது அவர் விருப்பம்.

இதே ஆண்டுகளில்தான் லட்யன்ஸ் டெல்லி வேலையில் இருந்தார். 1912-இல் முதல்முறை டெல்லிக்குப் போனார். அங்கே அவர் வடிவமைத்த வைஸ்ராய் மாளிகையும் (இன்றைய குடியரசுத் தலைவர் மாளிகை) ட்ரோகோவும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் எழுந்தன. டெல்லி மாளிகையை நினைவுபடுத்திப் பாருங்கள். சுவரைச் சுற்றிலும் அகலமாக வெளியே நீண்டு நிற்கும் கல் சஜ்ஜா கண்ணுக்கு வரும். வெயிலையும் மழையையும் சுவரிலிருந்து தள்ளி வைப்பது அது. நம் நாட்டுக் கட்டடங்களிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டது. மழை வருடத்தில் சில மாதங்கள் மட்டும் பெய்யும் டெல்லியில் சஜ்ஜா வைத்தவர், வருடம் பூராவும் தூறும் டார்ட்மூரில் ஓர் அங்குல விளிம்புகூட வேண்டாம் என்று இருந்துவிட்டார். இந்த இரண்டு வீடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு மனசு கனக்கிறது. மழையை எப்படித் தள்ளி வைப்பது என்று தெரியாமல் செய்த பிழை இல்லை இது. கோட்டை எப்படித் தெரிய வேண்டும் என்ற எண்ணம் கையைக் கட்டிப்போட்டுவிட்டது.

கல்லை இறக்கிய வேலை

1974-இல் ட்ரூ குடும்பத்தார் இந்த வீட்டை, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடம் ஒப்படைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் கட்டிய ஒரு வீட்டை அந்த அமைப்பு ஏற்றுக்கொண்டது அதுதான் முதல் தடவை. வீட்டோடு ஒழுகலும் வந்தது. நாற்பது ஆண்டுக்குக் கிட்டத்தட்ட ஒட்டுப்போட்டுச் சமாளித்தபின், 2013-இல் முழு மராமத்தைத் தொடங்கினார்கள்.

அப்போது எதிரே இருந்த கேள்வி லேசானதல்ல. மேலே ஒரு சரிந்த கூரை போட்டுவிட்டால் முக்கால்வாசிப் பிரச்சினை தீரும். அல்லது வெளிச்சுவருக்கு ஒரு பூச்சு கொடுத்து மூடிவிடலாம். இரண்டையும் அவர்கள் செய்யவில்லை. செய்யாததுதான் சரி என்று நான் நினைக்கிறேன். சரிந்த கூரையோடு நிற்கும் ட்ரோகோ, ட்ரோகோவே இல்லை. பூச்சு போட்டால் லட்யன்ஸின் கல்வேலை மொத்தமும் மறைந்துவிடும். கண்ணுக்குத் தெரியும் எதையும் மாற்றாமல், தெரியாத அடுக்கை மட்டும் மாற்றுவது என்று முடிவெடுத்தார்கள். செலவு ஒரு கோடிப் பவுண்டுக்கு மேல் ஆனது.

தெரியாத அடுக்கு என்றால் எது? மாடியில் பழைய ஆஸ்பால்ட்டை எடுத்துவிட்டு, இழுபட்டாலும் கிழியாத, குளிரும் வெயிலும் தாங்கும் தார்த்தாள் அடுக்குகளைப் பரப்பினார்கள். ஆனால் முன்னே சொன்ன சிக்கல் இருக்கிறதே, கைப்பிடிச் சுவருக்குள் இறங்கும் தண்ணீர். அதை நிறுத்த ஒரே வழி, அந்தத் தாளைச் சுவரோரத்தில் மடித்து நிறுத்தாமல், சுவருக்கு அடியிலேயே ஓட்டி மறுபக்கம் கொண்டுபோவது. அப்படியென்றால் கைப்பிடிச் சுவர் அங்கே இருக்கக் கூடாது. ஆகவே கழற்றினார்கள். 2,000-க்கும் மேற்பட்ட கருங்கற்கள், மொத்த எடை 600 டன்னுக்கு மேல். ஒவ்வொன்றும் எங்கிருந்து எடுத்தது என்று குறித்துவைத்து, பளுதூக்கியால் இறக்கி, அடியில் தாளை விரித்து, மறுபடி அதே கல்லை அதே இடத்தில் ஏற்றினார்கள்.

பாறைமுனையில், அந்தக் காற்றில், சாரம் கட்டி நின்று இதைச் செய்ததை யோசித்துப் பாருங்கள். நூறு வருடம் முன்பு கூலிக்காரர்கள் ஏற்றிய கல்லை இன்னொரு தலைமுறை இறக்கி ஏற்றியது. வீட்டைப் பூட்டி வைக்காமல், பார்வையாளர்களையும் சாரத்தின் பக்கமாக ஏறவிட்டு வேலையைக் காட்டினார்கள். அது நல்ல முடிவு. மராமத்து நடக்கும் கட்டடத்தைப் பச்சைத் துணி போட்டு மறைத்துவிட்டு, முடிந்தபின் திறந்து காட்டுவதுதான் வழக்கம். கல் எப்படி நிற்கிறது என்று ஜனங்கள் பார்க்கக் கிடைப்பது அபூர்வம்.

ஜன்னல்கள் தனிக்கதை. 900-க்கும் மேல் ஜன்னல்கள், அவற்றில் 13,000-க்கும் மேல் சின்னச் சின்னக் கண்ணாடிகள். கழற்றி, பழுதுபார்த்து, திரும்பப் பொருத்தினார்கள். சுவர் இணைப்புகளின் மொத்த நீளம் 60 கிலோமீட்டருக்கு மேல். அத்தனையிலும் இறுகிப்போன பழைய சிமென்ட்டைக் கல் ஓரம் சிதையாமல் கெல்லி எடுத்து, சுண்ணாம்புக் காரை வைத்து அடைத்தார்கள். வீட்டுக்குள் இருந்த சாமான்களையும் இடம் மாற்றிப் பாதுகாக்க வேண்டியிருந்தது. பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் திரைச்சீலை ஒன்று, வெற்றித்தேர் ஒன்றின் உருவம் நெய்தது, ஈரத்திலும் வெளிச்சத்திலும் நைந்துபோயிருந்தது. அதைச் செப்பனிடும் நுண்ணிய ஊசிவேலையும் இந்த ஆண்டுகளில் நடந்தது. கீழே ஆற்றங்கரையில் நெடுநாள் நின்றுபோயிருந்த நீர்ச்சுழலிகளும் 2017-இல் மறுபடி ஓடத் தொடங்கின.

திடச்சுவர்தான் அசல் என்று ட்ரூ கேட்டார். இன்றைக்கு அந்த வீட்டில் பழைய கோட்டைக்காரர்களின் கைமுறைக்கு மிக நெருக்கமாக இருப்பது அவர் கேட்காத ஒன்று, கல்லுக்கு நடுவில் வைத்த சுண்ணாம்புக் காரை. அது சிமென்ட் அளவுக்குக் கெட்டியில்லை. கல் அசையும்போது தானும் கொஞ்சம் அசைந்துகொடுக்கும். உள்ளே போன ஈரத்தை வெளியே விடும். அதற்குத் தேய்மானம் உண்டு. டார்ட்மூர் மழையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். இன்னும் சில பத்தாண்டுகள் கழித்து யாராவது சாரம் கட்டி ஏறி, தேய்ந்த காரையைச் சுரண்டி, புதிதாகக் குழைத்து அடைப்பார்கள். அப்போது கல்லைக் கழற்ற வேண்டியிருக்காது.